உக்கிரம் தேடும் காது

வணக்கம் சார்,

கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து பன்னிரண்டு வருடமாக ஹெவி மெட்டல் மட்டும்தான் கேட்கிறேன். இப்போது எந்தப் புது ஆல்பத்தைப் போட்டாலும் ஏற்கெனவே கேட்டது மாதிரி இருக்கிறது. வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று நண்பர்களிடம் கேட்டால் மனதுக்கு இதமான பாட்டுகளாக அனுப்புகிறார்கள். பத்து நிமிடத்தில் அணைத்துவிடுகிறேன். மெட்டலில் கிடைத்த உக்கிரம் வேண்டும், ஆனால் அது மெட்டலாக இருக்கக் கூடாது. எங்கே தொடங்கலாம்?

கே., கோவை

அன்புள்ள கே.,

மெட்டலில் உங்களை இழுத்தது எது என்று முதலில் யோசித்துப் பாருங்கள். உறுமல் குரலா, கிடாரின் டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பா, டிரம்ஸின் வேகமா, டூம் மெட்டலின் மெதுவான கனமா? அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். நினைத்தே பார்க்காத ஊர்களில் போய் நிற்பீர்கள்.

நான் போனது குரலின் வழியாக. தெற்கு சைபீரியாவில், மங்கோலியாவுக்கு வடக்கே, துவா என்று ஒரு சின்னக் குடியரசு இருக்கிறது. அங்கே பாடப்படும் தொண்டைப்பாட்டில் கார்கிரா என்று ஒரு வகை. நம் தொண்டையில் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு. சாதாரணமாகப் பேசும்போது அதற்கு வேலை இல்லை. கார்கிரா பாடுகிறவர் அதையும் சேர்த்து அதிர விடுகிறார். குரல்நாண் இரண்டு முறை அதிர்ந்தால் அது ஒரு முறை அதிர்கிறது. அதனால் பாடுகிற சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரல் எழுகிறது. டெத் மெட்டல் உறுமலிலும் இந்த மடிப்புகளுக்குப் பங்கு உண்டு.

ஹூன்-ஹூர்-டூ குழுவின் ‘சிக்ஸ்டி ஹார்சஸ் இன் மை ஹெர்ட்’ (1993) ஆல்பத்தை முதலில் கேட்டபோது, குரல் எங்கே நிற்கிறது, இகில் என்ற இரண்டு தந்தி வாத்தியம் எங்கே தொடங்குகிறது என்றே எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதே உறுமல்தான், ஆனால் அதில் துளி கோபம் இல்லை. குதிரையையும் புல்வெளியையும் நினைத்துப் பாடுகிறார்கள். அதுவரை அந்த ஒலியையும் ஆத்திரத்தையும் ஒன்றாகவே நினைத்திருந்தேன்.

டிஸ்டார்ஷன் பிடிக்கும் என்றால் காங்கோவின் கின்ஷாசாவிலிருந்து வந்த கொனோனோ நம்பர் 1. லிகெம்பே என்பது மரப்பெட்டியில் உலோக நாக்குகளைப் பொருத்திக் கட்டை விரல்களால் தட்டி வாசிக்கும் கருவி. நகரத்துச் சந்தடியில் அதன் சத்தம் எடுபடவில்லை. பழைய கார் உதிரிபாகங்களிலிருந்து காந்தத்தை எடுத்துத் தாங்களே மைக் செய்து ஒலிபெருக்கியில் கொடுத்தார்கள். சத்தம் கூடியது, கூடவே கரகரத்தது. அந்தக் கரகரப்பையும் இசையில் சேர்த்துக்கொண்டார்கள். 2004-ல் வந்த ‘கொங்கோட்ரானிக்ஸ்’ ஆல்பத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்துக் கேளுங்கள்.

ரத்தம் உறைகிற அபஸ்வரம் வேண்டுமா? போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கி 52 தந்தி வாத்தியங்களுக்கு எழுதி, ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்குக் காணிக்கையாக்கிய இரங்கலிசையைக் கேளுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மனதிலிருந்து போக நாளாகும்.

அப்புறம், கனம். இதில் நான் கொஞ்சம் வற்புறுத்தவே செய்வேன். ஜியா மொஹியுத்தீன் டாகரின் (1929–1990) ருத்ர வீணையைக் கேட்டே ஆக வேண்டும். குடங்களைப் பெரிதாக்கி, தடித்த தந்திகளைக் கட்டி, வாத்தியத்தையே மாற்றி அமைத்துக்கொண்டவர். மிஸ்ராப் என்ற கம்பி மீட்டியை மாட்டாமல் வெறும் விரலால் மீட்டுவார். அவருடைய யமன் ராக ஆலாபனையை இரவில் ஹெட்போனில் கேளுங்கள், போனைத் தள்ளி வைத்துவிட்டு. ஒரு தடவை மீட்டுகிறார், தந்தியை மெல்ல இழுக்கிறார், தேய்ந்துகொண்டே அந்த ஒலி அடுத்த ஸ்வரத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆலாபனையில் தாளவாத்தியம் கிடையாது. முதல் இருபது நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள்.

வேகம்தான் வேண்டும் என்றால் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் இருக்கிறது. பழைய ஒலிப்பதிவுகளிலேயே மிரட்டும். ஆனால் தவிலைப் பதிவில் கேட்பது பாதிதான். ஒரு சாமி புறப்பாட்டில் தவில்காரருக்கு ஐந்தடி தள்ளி நின்றிருக்கிறேன். வலது கை விரல்களில் கெட்டியான விரல்கூடு, இடது கையில் கழி. கம்பீர நாட்டை ராகத்தில், சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி. அதற்குப் பாட்டு வரி கிடையாது. ஒரே மல்லாரியைக் காலம், அதாவது வேகம், மாற்றி மாற்றி வாசித்து, மூன்றாம் காலத்துக்கு வந்தபோது கழியின் ஒவ்வொரு அடியும் என் நெஞ்செலும்பில் விழுந்தது. எந்த ஸ்பீக்கரும் எனக்கு அதைத் தந்ததில்லை.

நீங்கள் கோவையில்தானே இருக்கிறீர்கள்? பங்குனியில் பேரூர்த் தேருக்குப் போனால் தவில்காரருக்கு இடது பக்கமாக நில்லுங்கள். கழி விழுவது அந்தப் பக்கம்தான்.

அன்புடன்.