மூன்று மணிக்கு நிற்கும் ஏசி

கேள்வி: மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் கந்தோரில் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். ஆறு மாதமாக 'பசுமைக் கந்தோர்' திட்டம் நடக்கிறது. ஏசியை 26இல் வைத்து, மூன்று மணிக்கு அதையும் நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர்ப் போத்தல் வாங்குவதை விட்டுவிட்டார்கள், பதிலுக்கு ஃபில்டர் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மரம் நடக் கட்டாயம் வரவேண்டும். எனக்கும் சுற்றாடலில் அக்கறை உண்டு, ஆனால் வேலைக்குப் போகவே மனம் வருகுதில்லை. பிழை என்னிலா?
- வாசகி, கல்லடி

பதில்: இல்லை தங்கச்சி. கச்சான் வீசுகிற ஆடி மாதம், மேற்கு யன்னலோரம், மூன்றரை மணி. ஃபேனைப் போட்டால் வவுச்சர் பறக்கும், நிறுத்தினால் வியர்வை பேரேட்டில் சொட்டும். அதற்குள் இருந்துகொண்டு வேலையை விரும்பு என்றால் யாருக்கு முடியும்?

ஹேர்ஸ்பேர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். வேலையிடம் மோசமென்றால் வெறுப்பு வரும், நல்லதென்றால் வெறுப்புக் குறையும், ஆனால் வேலையில் பிடிப்பு வருவது பொறுப்பாலும் பாராட்டாலும்தான். உங்கள் கந்தோரில் முதலாவதைப் பிடுங்கிவிட்டு, இரண்டாவதற்கும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சம் கரண்ட் பில்லில், பெயர் பசுமை!

பசுமை என்றால் வேகத்தான் வேண்டும் என்றில்லை. துல்ஹிரியவில் 2008இல் திறந்த ஆடைத் தொழிற்சாலையில் தண்ணீர் ஆவியாவதால் காற்றைக் குளிர்விக்கிறார்கள், உள்ளே பகல் வெளிச்சம் வருகிற மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவு காசு நமக்கு எங்கே என்பார்கள், சரி. ஏசி ஃபில்டரைக் கழுவ என்ன செலவு? (அழுக்கு ஃபில்டர்தான் கரண்டையும் தின்னும், குளிரையும் தராது.) 26இல் வைத்துக் கூடவே ஃபேனை மெல்லச் சுழலவிட்டால் தாங்கும், வவுச்சருக்கு ஒரு கல்லை வையுங்கள். யன்னலுக்கு வெளியே கிடுகுத் தட்டி ஒன்று கட்டினால் பாதி வெயில் அங்கேயே நிற்கும். இதையெல்லாம் நாலு பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள், தனியாகப் போனால் முறைப்பாட்டுக்காரி ஆக்கிவிடுவார்கள்.

ஞாயிறு விஷயம் வேறு. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, கிழமையில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு சம்பளத்தோடு ஒன்றரை நாள் லீவு. மரநடுகையை வேலைநாளில் வைக்கச் சொல்லுங்கள். எங்கே நடுவது என்று கேட்டால் அந்த மேற்கு யன்னலைக் காட்டுங்கள், வேம்பு நன்றாக வரும்.