ஒரு செட் வி.எச்.எஃப், இன்னொன்று யு.எச்.எஃப்: இணைப்பது எப்படி?

கேள்வி: அப்பாவின் லாரி கம்பெனியை மூடியபோது இரண்டு மோட்டரோலா ஜி.எம்.300 வயர்லெஸ் செட்டுகள் எனக்கு வந்தன. ஒன்று வி.எச்.எஃப், மற்றது அதைவிட உயர்ந்த அலைவரிசை பேண்டான யு.எச்.எஃப். தம்பியின் பக்கி (பிக்கப்) வண்டியில் இருப்பது வி.எச்.எஃப், என்னிடம் உள்ள வாக்கி டாக்கி யு.எச்.எஃப். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ள வி.எச்.எஃப் செட்டை யு.எச்.எஃப் ஆக்கலாமா? (ஒரு வாசகர், டோங்காட், தென்னாப்பிரிக்கா)

பதில்: ஆகாது. உள்ளே இருக்கும் ஃபில்டரும் பவர் ஆம்ப்ளிஃபயரும் அந்தந்த பேண்டுக்கென்றே கட்டியவை. பக்கத்து அலைவரிசைக்குக் கொஞ்சம் நகர்த்தலாம். 150 மெகாஹெர்ட்ஸிலிருந்து 435-க்குத் தாவ வைக்க முடியாது. உங்கள் வேலைக்கு அது தேவையும் இல்லை. இரண்டையும் இணைத்து மேட்டில் உள்ள வீட்டில் வையுங்கள்; ஒன்று கேட்பதை மற்றது தன் பேண்டில் திருப்பிச் சொல்லும்.

பின்பக்கத்து 16 பின் சாக்கெட்தான் இந்த செட்டின் சொத்து. 11-ஆம் பின்னில் செட் கேட்கும் குரல் வெளியே வரும். 2-ஆம் பின் மைக். 3-ஐ 7-ஆம் பின்னான கிரவுண்டோடு சேர்த்தால் செட் அனுப்பத் தொடங்கும். சிக்னல் வரும்போது 8-ஆம் பின்னின் நிலை மாறும்படி புரோகிராம் செய்து, நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் போட்டு, அடுத்த செட்டின் 3-ஐ இயக்குங்கள். 11-லிருந்து 2-க்குப் போகும் வழியில் ஒலியைக் குறைக்க ஒரு சின்ன பொட்டென்ஷியோமீட்டர். இதையே எதிர்த்திசைக்கும் செய்ய வேண்டும். புரோகிராம் மென்பொருள் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தது. புது லேப்டாப்போடு மல்லுக்கட்டாமல் மெதுவான பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடுங்கள்.

இரண்டு செட்டிலும் டோன் ஸ்க்வெல்ச் கட்டாயம்; குறிப்பிட்ட டோன் சேர்ந்து வரும் சிக்னலுக்கு மட்டுமே செட் வாய் திறக்கும் ஏற்பாடு அது. இல்லாவிட்டால் பேச்சு முடியும்போது வரும் 'கர்ர்' இரைச்சலைக் கேட்டே ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டிருக்கும்.

அப்புறம் சூடு. டிரைவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைப்பதற்குச் செய்த செட் இது. இங்கே பேச்சு முழுக்க ஏதாவது ஒன்று அனுப்பிக்கொண்டே இருக்கும். பவரைக் குறைத்து, ஹீட் சிங்க்கில் ஒரு ஃபேன் வையுங்கள். குறைந்த பவரில் 12 வோல்ட் பேட்டரியும் நெடுநேரம் தாங்கும். கரன்ட் போனாலும் இணைப்பு ஓடும்; உங்கள் பக்கத்தில் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் செல்போன் கோபுரங்கள் ஊமையானது நினைவிருக்குமே.

பலர் கோட்டைவிடுவது மூன்றாம் ஹார்மோனிக்கில், அதாவது செட் தன் அலைவரிசையின் மூன்று மடங்கிலும் லேசாகக் கசியவிடும் சிக்னலில். 145.500-ஐ மூன்றால் பெருக்கினால் 436.500, நேராக யு.எச்.எஃப் பேண்டுக்குள் வந்து விழுகிறது. அந்த எண்ணுக்கு விலகிய அலைவரிசையை எடுங்கள், இரண்டு ஆன்டெனாவுக்கும் நல்ல இடைவெளி விடுங்கள்.

செட்டில் கம்பெனியின் பழைய சேனல்கள் இன்னும் இருக்கும். அவற்றில் பேசாதீர்கள்; அது கம்பெனிக்குக் கொடுத்த உரிமம். அமெச்சூர் (ஹாம்) ரேடியோவுக்கு உரியது 144–146, 430–440 மெகாஹெர்ட்ஸ். அதற்கு உங்களுக்கும் தம்பிக்கும் தனித்தனியே இகாசா (தென்னாப்பிரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) உரிமம் வேண்டும். தென்னாப்பிரிக்க ரேடியோ லீக் வருஷத்துக்கு இரண்டு முறை பரீட்சை நடத்துகிறது. ஆளில்லாமல் இணைப்பை ஓடவிட வேண்டுமென்றால் அதற்குத் தனி அனுமதி.

தம்பி பரீட்சைக்கு மசியமாட்டார் என்றால், பி.எம்.ஆர்.446 கை செட் இரண்டு வாங்கிவிடுங்கள். அரை வாட்தான், உரிமம் வேண்டாம். ஆனால் கரும்புக்காட்டு மேட்டைத் தாண்டாது.