அடிக்காமல் குட்டி வளர்ப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

முதல் நான்கைந்து மாதம் நாய்க்குட்டியோடு படும் பாட்டைப் பற்றித்தான் இந்த முறை எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். அடிக்காமல், மிரட்டாமல் பழக்குவது எப்படி என்ற பக்கத்திலிருந்துதான் பதில் சொல்வேன், வேறு வழியில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

கேள்வி: அக்கா, எங்கள் குட்டிக்கு ரெண்டு மாசம், நாட்டு நாய்தான், மகள் தெருவிலிருந்து தூக்கி வந்தாள். சென்னையில் மூன்றாவது மாடி ஃப்ளாட். வீடெல்லாம் உச்சா. என் வீட்டுக்காரர் அதன் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கிறார், அப்போதுதான் புத்தி வருமாம்.

பதில்: அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கம்மா. எப்போதோ போன உச்சாவுக்கும் இப்போது கிடைக்கிற தண்டனைக்கும் முடிச்சுப் போட அதற்குத் தெரியாது. இவர் பக்கத்தில் இருந்தால் ஆபத்து என்பது மட்டும்தான் புரியும், அப்புறம் உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போய் இருக்கும். இந்த வயதில் பகலில் ரெண்டு மணி நேரம் அடக்கினாலே பெரிது, விளையாடும்போது அதுவும் முடியாது. அதனால் தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாட்டின் நடுவில், ராத்திரி ஒரு தடவையாவது, நீங்களாகவே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று மாடி இறங்க முடியாது என்பதால் பால்கனியில் ஒரு மூலையை ஒதுக்கி, ட்ரேயில் செய்தித்தாளோ மண்ணோ போட்டு வையுங்கள். தரையை முகர்ந்துகொண்டே வட்டமடிக்க ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. முடிக்கும்வரை பேசாமல் நில்லுங்கள், முடித்த நொடியில் சபாஷ் சொல்லி, கையில் வைத்திருக்கும் சின்னத் தீனித் துண்டை அந்த இடத்திலேயே கொடுங்கள். ஹாலுக்கு வந்தபின் கொடுத்தால், ஹாலுக்கு வந்ததற்குக் கிடைத்தது என்றுதான் அது நினைக்கும். வீட்டுக்குள் போய்விட்டால் ஒன்றும் சொல்லாமல் துடையுங்கள். ஃபினாயில் போட்டால் நம் மூக்குக்குத்தான் வாசம் போகும், அதன் மூக்குக்குப் போகாது, அந்த ஈரத்தை நக்கினால் உடம்புக்கும் ஆகாது. நாய்களுக்கென்று விற்கும் என்சைம் கிளீனர் வாங்குங்கள்.

கேள்வி: 35 நாள் லாப்ரடார் குட்டி ஒன்று தருகிறேன் என்கிறார் ஒருவர். சின்னதாக எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்கிறாரே?

பதில்: எடுக்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே சொல்கின்றன. எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்பதைத் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் அது கற்றுக்கொள்வது இந்த வாரங்களில்தான். சீக்கிரம் பிரித்த குட்டியின் கடி ரொம்ப நாள் படுத்தும்.

கேள்வி: மூன்று மாதச் சிப்பிப்பாறை. என் ஆறு வயதுப் பையன் ஓடினால் துரத்திக் காலைக் கவ்வுகிறது. வாயில் ஒரு தட்டு தட்டலாமா சார்?

பதில்: சார் இல்லை, அக்காதான், பரவாயில்லை தம்பி. தட்ட வேண்டாம், கை என்றால் அடி என்று பழகினால் நாளைக்குத் தலையைத் தடவப் போகும் கையையும் கடிக்கும். முயல் துரத்த வளர்த்த இனம் அது, ஓடுகிற காலைப் பார்த்தால் சும்மா இருக்குமா? பையனிடம் சொல்லுங்கள்: கவ்வினால் கத்தாதே, ஓடாதே, கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நில். விளையாட்டு அந்த இடத்திலேயே நின்றுபோக வேண்டும், அதுதான் பாடம். அது வாயை எடுத்ததும் முடிச்சுப் போட்ட பழைய துணியைக் காட்டி இழுக்க விடுங்கள். ஒன்றை நிறுத்தச் சொல்லும்போது அதற்குப் பதில் எதைச் செய்யலாம் என்பதையும் காட்டித் தரவேண்டும்.

பால் பற்கள் 28, அவை விழுந்து ஆறேழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடும், அதுவரை ஈறு நமநமவென்றிருக்கும். நனைத்து முறுக்கிய துணியை ஃப்ரீசரில் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள். சாயங்காலம் வெறி பிடித்ததுபோல் கடிக்கிறதா, பெரும்பாலும் தூக்கம் போதவில்லை என்று அர்த்தம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் யாரும் அதைத் தூங்க விடுவதில்லை.

முக்கியமான விஷயம். பல் பட்டோ நகம் கீறியோ தோல் கிழிந்தால், குட்டிதானே என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவது மூன்று மாதத்தில்தான், அதற்கு முன்னால் அதற்குப் பாதுகாப்பு இருப்பதாக நினைக்கவே கூடாது.

கேள்வி: ஊசி எல்லாம் முடியும்வரை, நாலு மாதம் வெளியே காட்டவே கூடாதாமே?

பதில்: தரையில் விடக்கூடாது என்பது சரி, காட்டவே கூடாது என்பது சரியில்லை. குட்டிகளின் உயிருக்கே உலைவைக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் தெரு நாய்கள் போய்வரும் தெருவிலும் பார்க்கிலும் இறக்காதீர்கள். ஆனால் மூன்றிலிருந்து 14 வாரம்வரைதான் இந்த உலகத்தில் எதெல்லாம் சாதாரணம் என்று குட்டியின் மனதில் பதியும் காலம். நான்கு சுவருக்குள்ளேயே அதைக் கழித்த குட்டி, பிற்பாடு ஹெல்மெட் போட்டவரைப் பார்த்துக் குரைக்கும், ஆட்டோ சத்தத்துக்கு நடுங்கும். தூக்கிக்கொண்டு வாசலில் நில்லுங்கள். பால்காரர், குடை பிடித்தவர், தள்ளுவண்டி, தூரத்தில் மாடு எல்லாம் பார்க்கட்டும், பார்க்கும்போது ஒரு துண்டு கொடுங்கள். ஊசி போட்ட, சாதுவான நாய் சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் அங்கே அழைத்துப் போங்கள். பயந்து பின்வாங்கினால் கட்டாயப்படுத்தாமல் தள்ளிப் போய்விடுங்கள். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துக் குட்டிகளுக்கான வகுப்பிலேயே சேர்க்கலாம் என்பதுதான் அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு. நோய்க்குப் பயந்து பூட்டி வைத்து, வளர்ந்தபின் கடிக்கிறது என்று தெருவில் விடப்பட்ட நாய்களைப் பார்க்கையில் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கேள்வி: "அடியாத மாடு படியாது" என்கிறார் தாத்தா. வந்த ட்ரெயினரும் குட்டியை மல்லாக்கப் போட்டு அழுத்தி, நாம்தான் தலைவன் என்று காட்டவேண்டும் என்றார்.

பதில்: அந்த ட்ரெயினரை மாற்றிவிடுங்கள். தலைவன் கதை ஓநாயிலிருந்து வந்தது. அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் 1947இல் எழுதியது, ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் அதைப் பரப்பினார். அதே மெக் காட்டில் ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்துவிட்டு, 1999இல், கூட்டம் என்பது அப்பா அம்மா பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், சண்டை போட்டுத் தலைமை பிடிப்பதெல்லாம் அங்கே வழக்கமில்லை என்று எழுதினார். மல்லாக்கப் போட்டு அழுத்தினால் குட்டி அடங்கியதுபோல் கிடக்கும், உண்மையில் பயத்தில் உறைந்து கிடக்கிறது. அடியால் உறுமல் நின்றால் இன்னும் மோசம், எச்சரிக்காமலேயே கடிக்கும் நாயை நாமே உருவாக்கியிருப்போம். தாத்தாவிடம் வாதாட வேண்டாம். ஒரு கிண்ணத்தில் வேகவைத்த ஈரலைப் பொடியாக நறுக்கிக் கொடுத்து, குட்டி தானாக உட்காரும்போதெல்லாம் ஒன்று போடச் சொல்லுங்கள். அதுவே அவரைத் தேடிவந்து முன்னால் உட்காரும்போது அவரே மாறிவிடுவார்.

கேள்வி: கையில் தீனி இருந்தால்தான் பேச்சைக் கேட்கிறது அக்கா.

பதில்: தீனியைக் காட்டிக் கூப்பிடுகிறீர்கள், அதுதான் சிக்கல். டப்பா அலமாரியில் இருக்கட்டும், முதலில் அது வரட்டும், பிறகு போய் எடுத்துக் கொடுங்கள். நன்றாகப் பழகியபின் சில தடவை தீனி, சில தடவை விளையாட்டு என்று மாற்றுங்கள். கடலைப் பருப்பு அளவு போதும். சிக்கன், ஈரல், கேரட் எல்லாம் தரலாம். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், வேகவைத்த எலும்பு கூடவே கூடாது.

கேள்வி: ராஜபாளையம் குட்டி, பத்து வாரம், முழு வெள்ளை. பெயர் சொன்னால் திரும்புவதே இல்லை. திமிர் என்கிறார்கள்.

பதில்: திமிர் என்று முடிவுகட்டுவதற்கு முன் காதைப் பாருங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாமை உண்டு. அது தூங்கும்போது, தரை அதிராமல், பின்னால் தள்ளி நின்று டம்ளரைக் கரண்டியால் தட்டுங்கள். காது மடல்கூட அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சத்தம் கேட்டும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தேடினால் ஒரு காது மட்டும் கேட்காமல் இருக்கலாம்.

கேட்காவிட்டாலும் கவலைப்படாதீர்கள், கையசைவைக் குட்டிகள் வேகமாகப் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி உடனே ஒரு துண்டு கொடுங்கள், நாலு நாள் இப்படிச் செய்தால் அந்த விரலே சபாஷ் ஆகிவிடும். அதன்பிறகு உட்கார ஒரு சைகை, வர ஒரு சைகை என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி காட்டவேண்டும். உங்களை அதுவாக ஏறிட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் விரலைத் தூக்கித் தீனி கொடுங்கள், கூப்பிட முடியாத குட்டிக்கு அந்தப் பார்வைதான் எல்லாம். தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள், மூக்குக்குப் பக்கத்தில் தீனியை வைத்து வாசத்தில் எழுப்புங்கள். வண்டி வருவது அதற்குக் கேட்காது, அதனால் கேட்டைத் தாண்டினால் எப்போதும் பெல்ட் போட்டு உங்கள் கையிலேயே பிடித்திருங்கள்.