கேள்வி – பதில்: சகுராபாவும் வெள்ளைத் துண்டும்

சென்ற இதழில் மல்யுத்தம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது ஜப்பானிய வீரர் கசுஷி சகுராபாவின் பெயரை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அவரைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளிலிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. கபடிக் களங்களுக்குப் பெயர்போன ஊர்களிலிருந்து இப்படியொரு ஆர்வம் எழுவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவருக்கே ஒதுக்குகிறேன்.

கல்லூரி மாணவர், கும்பகோணம்: சகுராபா யார்? 'கிரேசி வேட்டைக்காரர்' என்ற பட்டம் அவருக்கு எப்படி வந்தது?

குத்து, உதை, மல்யுத்தப் பிடி, மூட்டுப் பூட்டு, கழுத்து நெரிப்பு ஆகிய அனைத்தையும் ஒரே களத்தில் அனுமதிக்கும் போட்டியே எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலை. அதன் வரலாற்றில் ஜப்பான் தந்த மிகப் பெரிய பெயர் சகுராபா என்பது என் உறுதியான கருத்து. 1969 ஜூலை 14 அன்று அகிதா மாகாணத்தில் அவர் பிறந்தார். நம் பகுதியைப் போலவே அதுவும் நெல் விளையும் பூமி. 'அகிதா கொமாச்சி' என்ற அரிசி அங்கிருந்து வருவதுதான். சிறு வயதில் புலி முகமூடி அணிந்த தொழில்முறை மல்யுத்த வீரர் ஒருவரைப் பார்த்து மயங்கிய அவர், பள்ளியிலும் பின்னர் தோக்கியோவின் சூவோ பல்கலைக்கழகத்திலும் முறையான மல்யுத்தம் பயின்று, 1992இல் யு.டபிள்யூ.எஃப். இன்டர்நேஷனல் என்ற தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்தார்.

தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது முன்பே முடிவாகிவிடும். ஆனால் அந்த நிறுவனத்தின் பயிற்சிக்கூடத்தில் நடந்த பயிற்சி உண்மையானது. இங்கிலாந்தின் விகன் நகரத்துப் பழைய மல்யுத்த மரபில் வந்த பில்லி ராபின்சன் அங்கே பிடிகளையும் பூட்டுகளையும் கற்பித்தார். சகுராபாவின் பிற்கால வெற்றிகளுக்கெல்லாம் அடித்தளம் அங்கேதான் போடப்பட்டது.

அந்தக் காலத்தில் பிரேசிலின் கிரேசி குடும்பம் ஜியு-ஜிட்சு என்னும் தங்கள் தரைப்பிடிக் கலையால் உலகையே திகைக்க வைத்துக்கொண்டிருந்தது. யு.எஃப்.சி. என்ற அமெரிக்க எம்.எம்.ஏ. அமைப்பு 1993இல் நடத்திய முதல் போட்டியை வென்றவர் ராய்ஸ் கிரேசி. சகுராபாவின் மூத்த சகாவான யோஜி அன்ஜோ, 1994இல் லாஸ் ஏஞ்சலஸில் ரிக்சன் கிரேசியின் பயிற்சிக்கூடத்துக்கே சென்று சவால் விடுத்து, முகமெல்லாம் வீங்கித் திரும்பினார். அந்த நிறுவனத்தின் தலைமகனான நொபுஹிகோ தகாதாவை 1997 அக்டோபர் 11 அன்று தோக்கியோ டோமில், 'பிரைடு' என்ற போட்டித் தொடரின் முதல் நிகழ்ச்சியிலேயே, ரிக்சன் வீழ்த்தினார். அடுத்த ஆண்டு அதே நாளில் மீண்டும் வீழ்த்தினார். ஜப்பானிய மல்யுத்த ரசிகர்களுக்கு அது பெரும் தலைகுனிவாக இருந்தது.

அந்தத் தலைகுனிவைத் துடைத்தவர் சகுராபா. 1999 நவம்பரில் ராய்லர், 2000 மே மாதத்தில் ராய்ஸ், ஆகஸ்டில் ரென்சோ, டிசம்பரில் ரயன் என்று ஏறத்தாழப் பதின்மூன்று மாதங்களில் அந்தக் குடும்பத்தின் நால்வரை வென்றார். பட்டம் வந்த வழி இதுதான். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: ராய்லர் சகுராபாவைவிட எடையில் மிகவும் குறைந்தவர், அவர் தோல்வியை ஒப்புக்கொள்வதற்கு முன்பே நடுவர் ஆட்டத்தை நிறுத்தியதால் அவர் தரப்பு அந்த முடிவை ஏற்கவில்லை. மற்ற மூன்று வெற்றிகளில் அப்படிப்பட்ட வழக்கு எதுவும் இல்லை.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திருவாரூர்: அவர் பெரிதும் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் 'கிமுரா பிடி' எப்படி வேலை செய்கிறது?

எதிராளியின் மணிக்கட்டை ஒரு கையால் பற்ற வேண்டும். மற்றொரு கையை அவருடைய மேற்கையைச் சுற்றி நுழைத்து, நம் மணிக்கட்டையே பற்றிக்கொள்ள வேண்டும். இப்போது இரண்டு கைகளும் சேர்ந்து அவருடைய ஒற்றைக் கையைப் பூட்டிவிடுகின்றன. மடங்கிய நிலையில் இருக்கும் அந்தக் கையை முதுகுப்புறமாகத் திருப்பினால், தோள் மூட்டு தன் எல்லையைத் தாண்டத் தொடங்கும். விடாமல் திருப்பினால் தோளோ முழங்கையோ விலகும். பிடிப்பவர் தம் கைவலுவை மட்டும் நம்புவதில்லை. இடுப்பும் முதுகும் சேர்ந்த முழு உடலின் விசை ஒரே ஒரு தோளின் மீது இறங்குவதால், பெரிய உடல் படைத்தவரும் அதற்குப் பணிய நேரும்.

பிடிக்குப் பெயர் தந்தவர் ஜப்பானிய ஜூடோ மேதை மசஹிகோ கிமுரா. 1951இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் அவர் ஹீலியோ கிரேசியை இதே பிடியில் பூட்டினார். கை முறிந்தும் ஹீலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தரப்பினர்தாம், தோல்வியை ஏற்பதன் அடையாளமாகத் துண்டை எறிந்து ஆட்டத்தை முடித்தனர். ராய்ஸும் ராய்லரும் அந்த ஹீலியோவின் மக்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு இன்னொரு ஜப்பானியர் அதே பிடியோடு அந்தக் குடும்பத்தின் எதிரே வந்து நின்றபோது தோக்கியோ ரசிகர்கள் எப்படி ஆர்ப்பரித்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சகுராபாவின் தனித்தன்மை, இந்தப் பிடியை அவர் நின்றுகொண்டே போட்டதில் இருக்கிறது. கபடியில் பாடி வந்தவரின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப் பிடிப்பது போல எதிராளி பிடித்துவிட்டால், பெரும்பாலான வீரர்கள் அந்தக் கைகளைப் பிரித்துத் தப்பவே முயல்வார்கள். சகுராபா அப்படிப் பதறுவதில்லை. தம் இடுப்பைச் சுற்றியிருக்கும் கைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிக்கொண்டு, எதிராளி தம்மைக் கீழே தள்ளக் காத்திருப்பார். 2000 ஆகஸ்ட் 27 அன்று ரென்சோ கிரேசியுடனான ஆட்டம் முடியப் பதினேழு நொடிகளே மீதமிருந்தபோது இதுதான் நடந்தது. அவரது முதுகுப்புறம் இருந்த ரென்சோ சாதகமான இடத்தைப் பிடித்துவிட்டதாகவே பார்த்தவர்கள் நினைத்தார்கள். சகுராபா பூட்டோடு சேர்ந்து சுழன்றார். ரென்சோவின் முழங்கை விலகியது. ரென்சோவும் தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் தரையில் தட்டவில்லை, நடுவர் குறுக்கிட்டார். ஐயா, ஆசிரியரான தாங்கள் அந்த ஒளிப்பதிவில் சகுராபாவின் கால்களைக் கவனித்துப் பாருங்கள். கைகள் பூட்டிய பிறகு ஆட்டத்தை முடிப்பவை கால்கள்தாம்.

தமிழாசிரியை, நன்னிலம்: தரையில் உருண்டு பிடிபோடும் இம்முறை நம் முன்னோர் அறிந்ததா?

நன்றாக அறிந்தது. உறையூர்ச் சோழர் குடியில் பிறந்த பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லன் ஒருவனை வீழ்த்திய காட்சியைச் சங்கப் பாட்டொன்று காட்டுகிறது. ஒரு கால் எதிராளியின் மார்பில் ஊன்றியிருக்க, மற்றொரு கால் அவன் முயற்சியைத் தடுத்துப் பின்புறம் வளைந்திருக்கும் நிலையைப் புலவர் துல்லியமாகச் சொல்கிறார். பிடி விவரம் தெரிந்தவர் மட்டுமே அப்படிப் பாட முடியும். தாங்கள் வகுப்பில் அப்பாடலை நடத்தும்போது, மாணவர் இருவரை நிற்கவைத்துக் காட்டினால் அவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள்.

கடை உரிமையாளர், மயிலாடுதுறை: ஒரே ஆட்டத்தில் ஒன்றரை மணி நேரம் சண்டையிட்டார் என்பது உண்மையா?

உண்மை. 2000 மே 1 அன்று தோக்கியோ டோமில் நடந்த பிரைடு கிராண்ட் பிரீ தொடரின் கால் இறுதியில் ராய்ஸ் கிரேசியும் சகுராபாவும் மோதினர். ராய்ஸ் தரப்பு சிறப்பு விதிகளைக் கேட்டுப் பெற்றிருந்தது. பதினைந்து நிமிடச் சுற்றுகள் எத்தனை வேண்டுமானாலும் நடக்கும். நடுவர் தாமாக ஆட்டத்தை நிறுத்த மாட்டார். ஒருவர் தோற்கும்வரை போட்டி தொடரும். நேரம் நீள நீள எதிராளி களைத்துத் தவறு செய்வார் என்பது அந்தக் குடும்பத்தின் பழைய கணக்கு.

சகுராபா அந்தக் கணக்கை அவர்கள் மீதே திருப்பினார். ராய்ஸ் அணிந்திருந்த கனமான பயிற்சி அங்கியையே பிடிமானமாக்கிக்கொண்டார். தரையில் கிடந்து தம்மை இழுக்க முயன்ற எதிராளியின் கால்களை நின்றபடியே உதைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு உதையும் தனித்துப் பார்த்தால் சிறியது. ஐந்தாம், ஆறாம் சுற்றுகளில் அவற்றின் கூட்டுவிளைவு தெரிந்தது. ராய்ஸால் காலை ஊன்றி நிற்கவே முடியவில்லை. ஆறு சுற்றுகள், அதாவது 90 நிமிடங்கள் முடிந்தபோது, அவருடைய அண்ணன் ரோரியன் துண்டை எறிந்தார்.

அன்றிரவே சகுராபா அரையிறுதிக்கும் களமிறங்கினார் என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. எதிரே நின்றவர் உக்ரைனின் இகோர் வோவ்சான்சின். தம்மைவிட எடை மிகக் கூடிய, கொடுங்குத்துக்காரர். அவருடன் ஒரு முழுச் சுற்று, மேலும் பதினைந்து நிமிடம், சகுராபா தாக்குப்பிடித்தார். கூடுதல் சுற்று தேவைப்பட்டபோது அவருடைய தரப்பினர் துண்டை எறிந்து அவரைக் களத்திலிருந்து அழைத்துச் சென்றனர். அந்த இரவு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த முடிவு அதுதான்.

இல்லத்தரசி, பட்டுக்கோட்டை: என் மகன் கபடி ஆடுகிறான். சென்ற பொங்கல் போட்டியில் தலையில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடினான். கேட்டால் சகுராபாவின் காணொளியைக் காட்டி, "வலியைத் தாங்குபவன்தான் வீரன்" என்கிறான். நான் என்ன சொல்வது?

அம்மா, தங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். மகனிடம் சகுராபாவின் முழுக்கதையையும் சொல்லுங்கள் என்பதே என் முதல் பதில். தம்பி பார்த்திருப்பது அதன் முதற்பாதியை மட்டுமே.

2001 மார்ச் மாதத்தில் பிரைடு தன் விதிகளை மாற்றி, கீழே விழுந்தவரின் தலையில் உதைக்கவும் முழங்காலால் இடிக்கவும் அனுமதித்தது. அந்த நிகழ்ச்சியிலேயே பிரேசிலின் வாண்டர்லி சில்வா, சகுராபாவை 98 நொடிகளில் வீழ்த்தினார். நவம்பரில் நடந்த மறுபோட்டியில் சகுராபாவின் காறையெலும்பு முறிந்தது. 2002 ஆகஸ்டில், தம்மைவிட எடை கூடிய குரோவேசிய உதைவீரர் மிர்கோ குரோ காப்புடன் மோதியபோது கண்குழி எலும்பு முறிந்தது. 2003இல் சில்வாவுடன் மூன்றாம் முறை மோதி நினைவிழந்தார். எடையில் தமக்கு இணையானவர்களோடு மட்டும் அவரை மோதவிட்டிருந்தால் இவற்றில் சில நேர்ந்திருக்கவே மாட்டா. அரங்கை நிரப்பும் பெயர் அவருடையது என்பதால் அமைப்பாளர்கள் அவரை மேலும் மேலும் பெரியவர்களின் முன் நிறுத்தினார்கள். அவர் மறுத்துப் பேசும் இயல்புடையவர் அல்லர்.

2006 ஆகஸ்டில் லித்துவேனியாவின் ஸ்மிர்னோவாஸுடன் நடந்த ஆட்டத்தைத் தங்கள் மகன் பார்த்திருக்கக்கூடும். முதல் சுற்றில் சகுராபா விழுந்து, எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாத நிலையில் தொடர்ந்து குத்து வாங்கினார். எந்த நடுவரும் நிறுத்தியிருக்க வேண்டிய கட்டம் அது; நிறுத்தப்படவில்லை. பின்பு எப்படியோ தெளிந்து, கைப்பூட்டுப் போட்டு வென்றார். இணையத்தில் அதை வீரத்தின் உச்சமாகக் கொண்டாடுகிறார்கள். என்னால் அதை அப்படிப் பார்க்க முடியவில்லை. 37 வயது மனிதர் ஒருவரின் மூளையை வைத்து அவரைச் சுற்றியிருந்தவர்கள் சூதாடிய ஆட்டம் அது. 2010 டிசம்பர் 31 அன்று, 41ஆம் வயதில், அவருடைய காது பாதி பிய்ந்து தொங்கிய பிறகுதான் ஓர் ஆட்டம் நிறுத்தப்பட்டது. 2015 டிசம்பரில், 46ஆம் வயதில், இளையவரான ஷின்யா அவோக்கியிடம் முதல் சுற்றிலேயே அடிவாங்கித் தோற்றார்.

மூட்டு வலியும் தலையடியும் ஒன்றல்ல என்பதை மகனுக்கு விளக்குங்கள். மூட்டு தன் எல்லையை வலியால் அறிவித்துவிடும். தரையில் தட்டினால் பிடி விலகும். மூளை அப்படி அறிவிப்பதில்லை. தலையில் அடிபட்டுச் சில நிமிடங்களில் தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும், அது ஆறுவதற்கு முன் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே தலையில் அடிபட்டு ஒரு கணம் தடுமாறினாலும் அன்று ஆட்டம் கிடையாது. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அடுத்த ஆட்டமும் கிடையாது. வாந்தி, மயக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால், இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முடிந்தால் குழுவின் பயிற்சியாளரிடமும் விழாக் குழுவினரிடமும் நேரில் பேசுங்கள். அறுவடை முடிந்த வயலில் களம் அமைத்து, ஒளிவிளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பரிசுக் கோப்பைக்கும் பணம் திரட்டும் நம் ஊர்களால், முதலுதவி தெரிந்த ஒருவரைக் களத்தருகே அமர்த்த முடியாதா? வீரனை வெளியே அழைக்கும் அதிகாரத்தை அவருக்குத் தர வேண்டும். அவர் அழைத்தால் மறுபேச்சு இருக்கக் கூடாது.

அத்துடன், 2000 மே 1 இரவின் கடைசிக் காட்சியை மகனுக்குப் போட்டுக் காட்டுங்கள். தம் தரப்பினர் துண்டை எறிந்தபோது சகுராபாவின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. அடுத்த நான்கு மாதங்களுக்குள், அதே ஆண்டு ஆகஸ்டில், அவர் ரென்சோவை வென்றார் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாசகர், சீர்காழி: 17 தோல்விகள் கண்டவரை எப்படி மாவீரர் என்பது?

26 வெற்றி, 17 தோல்வி, ஒரு சமன், முடிவற்ற (வெற்றி தோல்விக் கணக்கில் சேராத) ஆட்டங்கள் இரண்டு என்பது அவருடைய கணக்கு. தோல்விகளில் பெரும்பகுதி 2001க்குப் பிறகு, உடல் சிதைந்த நிலையில் நேர்ந்தவை. எண்ணிக்கையை மட்டும் பார்த்து மதிப்பிடுபவர்கள், விட்டர் பெல்ஃபோர்ட், குவின்டன் ஜாக்சன், கெவின் ராண்டில்மன் ஆகியோரை அவர் வென்ற ஆட்டங்களைப் பார்க்கட்டும். முடிவற்ற ஆட்டங்களுள் ஒன்று 2006 டிசம்பர் 31 அன்று யோஷிஹிரோ அக்கியாமா என்ற வீரருடன் நடந்தது. எதிராளியின் உடல் வழுக்குகிறது என்று சகுராபா ஆட்டத்தின் நடுவிலேயே முறையிட்டார், யாரும் கேட்கவில்லை. உடலில் களிம்பு பூசியிருந்தது பின்னர் உறுதியாகி, முடிவு நீக்கப்பட்டது.

பிளஸ் டூ மாணவி, மன்னார்குடி: சகுராபா பிற்பாடு என்ன செய்தார்? நான் இக்கலையைக் கற்க எங்கே தொடங்கலாம்?

2017இல் யு.எஃப்.சி. அவரைத் தன் புகழ் மன்றத்தில் சேர்த்தது. அந்த அமைப்பில் அவர் ஆடியது 1997 டிசம்பரில் யோக்கோகாமாவில் ஒரே ஓர் இரவுதான். 2018இல் 'குவின்டெட்' என்ற போட்டியைத் தாமே தொடங்கினார். அணிக்கு ஐவர், வென்றவர் களத்தில் நின்று எதிரணியின் அடுத்தவரைச் சந்திக்க வேண்டும், அணியின் மொத்த எடைக்கு வரம்பு உண்டு, குத்துக்கும் உதைக்கும் இடமில்லை. பிடியும் பூட்டும் நெரிப்பும் மட்டுமே.

தங்கள் தொடக்கமும் அப்படியே இருக்கட்டும், மகளே. முதலில் ஜூடோ அல்லது மல்யுத்தம் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் உள்ளவை. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் அருகில் உள்ள பயிற்சியாளர் யார் என்று சொல்வார்கள். எந்த வகுப்பில் சேர்ந்தாலும் முதல் மாதம் முழுவதும் விழுவதற்குக் கற்றுத்தருகிறார்களா என்று பாருங்கள். வந்த அன்றே சண்டையிட வைக்கும் இடமானால் வேறு இடம் தேடுங்கள்.