புஜ்ஜியின் இருமலுக்குக் குழந்தையின் சிரப்பைக் கொடுக்கலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எங்கள் பொமரேனியன் புஜ்ஜிக்கு ஒன்பது வயது. தங்கை கல்யாணத்துக்காக ஐந்து நாள் போர்டிங்கில் விட்டிருந்தோம். அழைத்து வந்த நாலாம் நாளிலிருந்து தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி இருமுகிறாள், கடைசியில் வெள்ளை நுரை கக்குகிறாள். சாப்பாடு வழக்கம்போல்தான். முடியை விழுங்கியிருப்பாள் என்று மாமியார் மஞ்சள் பால் கொடுக்கிறார். என் மகனின் இருமல் சிரப் வீட்டில் இருக்கிறது, அதில் கொஞ்சம் கொடுக்கலாமா?”

வேண்டாம் அம்மா, அந்த பாட்டிலை மூடி வைத்துவிடுங்கள். சளி, இருமலுக்கென்று நாம் வாங்கும் சிரப்புகளில் சிலவற்றில் பாராசிட்டமால் இருக்கும், சிலவற்றில் மூக்கடைப்புக்கான மருந்து இருக்கும், சர்க்கரை இல்லாதது என்று விற்பதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டிகூட இருக்கலாம், இவை எல்லாமே நாய்க்கு ஆபத்து. மஞ்சள் பாலையும் நிறுத்திவிடுங்கள். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, இருமலோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதலில் தோன்றுவது கென்னல் காஃப். பல நாய்கள் ஒரே இடத்தில் அடைந்து கிடக்கும்போது காற்றிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் பரவும் தொற்று அது, போர்டெட்டெல்லா பாக்டீரியா, பாரா இன்ஃபுளுவென்சா வைரஸ் என்று ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் சேர்ந்து செய்கிற வேலை. தொற்றிய இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இருமல் தொடங்கும், உங்கள் நாலு நாள் கணக்கு அதில் சரியாகப் பொருந்துகிறது. கழுத்தை நீட்டி, வறட்டென்று இருமி, முடிவில் ஓங்கரித்து நுரை கக்குவதைப் பார்க்கிற யாருக்கும் எலும்பு மாட்டிக்கொண்டது என்றுதான் தோன்றும். அதற்காக வாய்க்குள் கையை விட்டுத் துழாவாதீர்கள். வெறிநோய் வந்த நாயும் தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். புஜ்ஜிக்கு ஊசி போட்டிருப்பீர்கள், ஆனாலும் எந்த நாயிடமும் இந்தப் பழக்கம் வேண்டாம்.

நன்றாகச் சாப்பிட்டு விளையாடும் நாய்க்குக் கென்னல் காஃப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். ஆனால் புஜ்ஜியின் விஷயத்தில் அப்படிச் சும்மா இருந்துவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அவளுக்கு ஒன்பது வயது, அதுவும் சின்ன ஜாதி. இந்த வயதில் இதய வால்வு தளர்ந்தாலும் இருமல் வரும், மூச்சுக்குழாய் தொய்ந்துபோனாலும் வாத்து கத்துவதுபோல இருமும். போர்டிங் போய் வந்ததால் வந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உள்ளே வேறு ஒன்று நடக்கலாம்.

அதனால் இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். அவள் நன்றாகத் தூங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கனவில் காலை உதறிக்கொண்டிருந்தால் அது அடங்கட்டும், அப்புறம் எண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் சரி. திரும்பத் திரும்ப எண்ணியும் முப்பதைத் தாண்டினால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். ஈறு நீலமாகவோ வெளிறியோ தெரிந்தாலும், படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் பீளையும் சளியும், சாப்பாட்டில் வெறுப்பு, இவை வந்தாலும் அன்றே காட்ட வேண்டும். தடுப்பூசி போடாத குட்டியாக இருந்தால் டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோயோ என்றுதான் நான் முதலில் பயப்படுவேன்.

இப்போதைக்குக் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், பட்டை இழுபடும்போதெல்லாம் தொண்டை உறுத்தி இருமல் கிளம்பும். வெளியே கூட்டிப்போக மார்பில் மாட்டும் ஹார்னெஸ் போதும், ஓட விடாதீர்கள். ஊதுபத்தி, கொசுவத்திப் புகை அவள் படுக்கும் அறையில் வேண்டாம். நீங்கள் வெந்நீரில் குளிக்கும்போது குளியலறையில் ஒரு பத்து நிமிடம் உட்கார வைத்தால் அந்த ஆவி தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் அதில் அவளுக்கு மூச்சு வாங்கினால் உடனே வெளியே விட்டுவிடுங்கள். போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தேடி எடுக்காதீர்கள்.

மூச்சு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இரண்டொரு நாளில் ஒருமுறை காட்டி நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்துவிடுங்கள். மருத்துவர் முன்னால் நாய் இருமவே இருமாது, அதனால் வீட்டில் இருமும்போது போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும். போனதும் மற்ற நாய்களோடு உள்ளே உட்கார வேண்டாம், இருமல் கேஸ் என்று சொல்லிவிட்டு முறை வரும்வரை வாசலுக்கு வெளியிலேயே அவளை வைத்திருங்கள். அந்த போர்டிங்குக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள், அங்கே இப்போது வேறு யார் வீட்டு நாயோ இருக்கும்.