முதலில் ஃபேன், அப்புறம் சோலார்

கேள்வி: திருச்சியில் சொந்த வீடு. எனக்கு வயது 44, தனியார் நிறுவனத்தில் வேலை. மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், என் அம்மா, நான் என நான்கு பேர். வீட்டுச் செலவு மாதம் 35,000 ரூபாய். வங்கியில் 2.5 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் ஆறரை சதவீத வட்டியில் இருக்கிறது. தங்கை கல்யாணத்துக்காக வைத்த நகைக்கடனில் 90,000 பாக்கி, வட்டி பத்தரை சதவீதம். மகள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தில் சேர்ந்ததிலிருந்து வீட்டையே மாற்ற வேண்டும் என்கிறாள். 3 கிலோவாட் சோலாருக்கு 1.9 லட்சம் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். மின்சார ஸ்கூட்டர், புதிய ஃபைவ் ஸ்டார் ஃப்ரிட்ஜ், துணிப்பை, மூங்கில் பிரஷ் எல்லாமே அவள் பட்டியலில் இருக்கின்றன. மனைவி "இதெல்லாம் வசதியானவர்கள் வேலை" என்கிறார். டெபாசிட்டை உடைத்து எதை முதலில் வாங்கலாம்? மின் அட்டையின் படத்தை இணைத்துள்ளேன்.

பதில்: மின் அட்டையை அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. சோலார் பற்றிக் கேட்பவர்களில் பாதிப் பேர் அதை மட்டும் அனுப்ப மாட்டார்கள். உங்கள் கேள்விக்கான பதில் முக்கால்வாசி அந்த அட்டையிலேயே இருக்கிறது.

கோடையில் இரண்டு பில் 720 யூனிட் வாக்கில் வந்திருக்கிறது. மற்ற நான்கும் 530ஐ ஒட்டி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் நம் ஊர் வீட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட் என்பது ஒரு வரப்பு மாதிரி. 2025 கட்டணப்படி, அதற்குள் இருந்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.35 ரூபாய், அதற்கடுத்த இருநூறு 4.70, கடைசி நூறு 6.30. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும், இரண்டாவது நூறும் 4.70 ஆகிவிடும். தாண்டிய யூனிட்டுகளுக்கு 8.40, அறுநூறுக்கு மேல் 9.45. சரியாக 500 என்றால் பில் 1,805 ரூபாய். 510 ஆனால் 2,124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய்!

உங்கள் 720 யூனிட்டுக்கு 4,014 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். அதையே 490க்குக் கொண்டுவந்தால் பில் 1,742 ரூபாய்தான். கரண்ட் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் பணம் பாதிக்கு மேல் குறைகிறது. இந்தக் கணக்கைத்தான் நீங்களும் மகளும் சேர்ந்து முதலில் பார்க்க வேண்டும்.

230 யூனிட்டை எங்கே குறைப்பது? தலைக்கு மேலே பாருங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேன் முழு வேகத்தில் 30, 35 வாட்தான். ஹால் ஃபேன் 14 மணி நேரம், படுக்கையறை இரண்டும் பத்துப் பத்து மணி நேரம் ஓடுகின்றன என்று வைத்தால், மூன்றையும் மாற்றியதும் இரண்டு மாதத்தில் 80 யூனிட் மிச்சமாகும். ஒன்று 3,000 ரூபாய் அளவில் கிடைக்கும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், அதனால் பெட்டியிலேயே எத்தனை ஸ்டார் என்று பார்த்து வாங்கலாம். மாட்ட வரும் எலக்ட்ரீஷியனிடம் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். இந்த ஃபேனின் வேகம் ரிமோட்டில்தான். ரெகுலேட்டரை விட்டுவைத்தால் அம்மா பழக்கதோஷத்தில் அதைத் திருகுவார், ஃபேன் கெட்டுப்போகும்.

அடுத்து ஏ.சி. ஸ்டார் லேபிள் உள்ள ஏ.சி.க்கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020லிருந்து விதி இருக்கிறது. ஆனால் நாம் ரிமோட்டை எடுத்த கையோடு 22க்கு இறக்கிவிடுகிறோம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ. 26ல் வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிட்டு, விடிகாலை நான்கு மணிக்கு ஏ.சி. தானாக அணையும்படி டைமர் வையுங்கள். இந்த இரண்டும் சேர்ந்து கோடையில் 120 யூனிட் வரை குறைக்கும். செலவு எதுவும் இல்லை. முதல் ஒரு வாரம் வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, மாடித் தொட்டி. தண்ணீர் நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு மோட்டாரை அணைக்கும் வீடுகள்தான் அதிகம். ஒரு எச்.பி. மோட்டார் தினமும் அரை மணி நேரம் வீணாக ஓடினால் இரண்டு மாதத்தில் 20, 25 யூனிட் போகும். அதோடு போர் தண்ணீரும் போகும். தொட்டி நிரம்பினால் தானே அணையும் கன்ட்ரோலர் 1,500லிருந்து 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சோக் போட்ட பழைய ட்யூப் லைட் இன்னும் மூன்று இருந்தால் எல்.இ.டி.க்கு மாற்றுங்கள், அதில் ஒரு 25 யூனிட்.

மொத்தச் செலவு 12,000 ரூபாய். கோடை பில் இரண்டும் 490க்குள் வரும். மற்ற நான்கு பில்லில் ஏ.சி. இல்லாவிட்டாலும் ஃபேன், மோட்டார், லைட் மூன்றிலும் 130 யூனிட் குறைந்து 530 என்பது 400 ஆகும். அதாவது 2,292 ரூபாய் பில் 1,175க்கு வரும். ஆண்டுக்கு மிச்சம் ஏறக்குறைய 9,000 ரூபாய். இதே 12,000த்தை உங்கள் டெபாசிட்டில் விட்டுவைத்தால் ஆண்டுக்கு 780 ரூபாய் வட்டி வரும், அதுவும் வருமானக் கணக்கில் சேரும். பில்லில் மிச்சமாகும் பணத்துக்கு வரி கிடையாது. இருபது வருடமாக நிதி ஆலோசனைத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒரு வருமானம் தரும் பத்திரத்தை யாருக்கும் வாங்கிக் கொடுத்ததில்லை.

இப்போது சோலார். இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வீட்டில் 3 கிலோவாட் போட்டேன். போடும்போது பழைய பில்லைப் பார்த்துத்தான் அளவு சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். ஃபேன்களை அதற்கு அடுத்த வருடம்தான் மாற்றினேன். இப்போது என் பேனல் தயாரிக்கும் கரண்டில் பாதிதான் வீட்டுக்குத் தேவைப்படுகிறது. மற்றவர்களுக்கு வரிசை சொல்கிற நான், என் வீட்டில் வரிசையைத் தலைகீழாகச் செய்தேன்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். 2024ல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். 1.9 லட்சத்தில் மானியம் போக உங்கள் கைக்காசு 1.12 லட்சம். இன்றைய பில்படி ஆண்டுக்கு 17,200 ரூபாய் கட்டுகிறீர்கள், அதனால் ஆறரை வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்று கொட்டேஷன் கொடுத்தவர் சொல்லியிருப்பார். அது சரிதான். ஆனால் ஃபேன், ஏ.சி., மோட்டார் வேலையை முடித்த பிறகு உங்கள் ஆண்டு பில்லே 8,200 ரூபாய்தான். அப்போது இதே 3 கிலோவாட் பணத்தைத் திருப்பித் தர 13, 14 வருடம் ஆகும்.

அதற்காக சோலாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கிலோவாட் போதும் என்கிறேன். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. அது உங்கள் பில்லின் மேல்தட்டில் இருக்கும் விலை அதிகமான யூனிட்டுகளைத்தான் முதலில் கழிக்கும். 490 என்பது 250 ஆகும், 400 என்பது 160. ஆண்டுக்கு 6,700 ரூபாய் மிச்சம். விலை 80,000 என்று வைத்தால், மானியம் போக 50,000. ஏழெட்டு வருடத்தில் பணம் திரும்பிவிடும், பேனல் 25 வருடம் உழைக்கும். இரண்டாவது கிலோவாட் கழிப்பதோ இலவச யூனிட்டையும் மலிவான யூனிட்டையும்தான். அதனால் ஆண்டுக்குக் கூடுதலாக 1,500 ரூபாய் வந்தால் பெரிது.

இதிலும் அவசரம் வேண்டாம். மானியம் பேனல் மாட்டி, மின்வாரியம் மீட்டர் வைத்த பிறகுதான் உங்கள் கணக்குக்கு வரும், முழுத் தொகையையும் முதலில் நீங்கள் கொடுக்க வேண்டும். திட்டம் 2026-27 நிதியாண்டு வரை இருக்கிறது. ஒரு கோடையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க நேரம் உண்டு. 2025 செப்டம்பர் 22லிருந்து சோலார் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. உங்கள் கொட்டேஷன் அதற்கு முந்தையது என்றால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். மொட்டை மாடியில் அம்மா வடாம் காயப் போடும் இடம் எது, தென்னை நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். ஸ்டாண்டை உயர்த்திப் போட்டால் கீழே வடாமும் காயும், ஆனால் அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள்.

ஸ்கூட்டர் விஷயத்தில் உங்கள் மகள் கோபித்துக்கொள்ளக்கூடும். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால் 11 லிட்டர் பெட்ரோல். மின்சார ஸ்கூட்டரில் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் நன்றாக ஓடும் வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ஒரு லட்சத்துக்கு மேல் கடன் வாங்கினால், மிச்சமாகும் ஆயிரத்தை இ.எம்.ஐ. விழுங்கிவிடும். அந்தப் பழைய வண்டியும் சாலையை விட்டுப் போகாது, வேறொருவர் பெட்ரோல் ஊற்றி ஓட்டுவார். உங்கள் வண்டி ஓட்டத்தை நிறுத்துகிற அன்று தாராளமாக மின்சார வண்டி வாங்குங்கள். மகளுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், அவளே போட்டுப் பார்க்கட்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு, ஆண்டுக்கு உங்கள் வண்டி விடுவது 300 கிலோ. நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. அந்த 12,000 ரூபாய் வேலையில் ஆண்டுக்கு 980 யூனிட் குறைகிறது, கிட்டத்தட்ட 700 கிலோ. வண்டியையே எரித்துவிட்டு நடந்து போனாலும் இதில் பாதிதான் வரும்.

ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் போகும்வரை ஓடட்டும். கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தாள் சுலபமாக வழுக்கி வந்தால் கதவு ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் அந்த வழியாகப் போகிறது. சில நூறு ரூபாயில் ரப்பரை மாற்றலாம். என்றைக்கு புது ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் பழையதை "தண்ணி பாட்டில் வைக்க ஆகும்" என்று பின்கட்டில் ஓட விடாதீர்கள். அப்புறம் துணிப்பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019லேயே தடை வந்துவிட்டது, மஞ்சப்பை இயக்கமும் 2021லிருந்து நடக்கிறது. புதிதாகப் பை வாங்குவதற்கு முன் பரணைத் திறந்து பாருங்கள். தங்கை கல்யாணத் தாம்பூலப் பை மட்டுமே ஐம்பதாவது இருக்கும். இரண்டை வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள், வீட்டில் இருக்கிற பை கடையில் உதவாது. மூங்கில் பிரஷ்ஷை இருக்கிற பிரஷ் தேய்ந்த பிறகு வாங்கலாம்.

கடைசியாக டெபாசிட். அதை உடைக்கத்தான் வேண்டும், ஆனால் சோலாருக்கு அல்ல. ஆறரை சதவீதம் வாங்கிக்கொண்டு பத்தரை சதவீதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். முன்கூட்டி உடைப்பதற்கு வங்கி கொஞ்சம் வட்டி பிடித்தாலும் பரவாயில்லை, 90,000த்தைக் கட்டி நகையை மீட்டு வந்துவிடுங்கள். ஆண்டுக்கு 9,450 ரூபாய் வட்டி அதோடு நிற்கும். ஃபேன் வகையறாவுக்கு 12,000. மீதி 1.48 லட்சம், நான்கு மாதச் செலவுக்குக் காணும். தனியார் வேலையில் இருப்பவருக்கு அதற்குக் கீழே இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். சூர்ய கர் திட்டத்தில் ஈடில்லாத கடன் உண்டு, அறிவித்தபோது வட்டி ஏழு சதவீத வாக்கில் சொன்னார்கள். நகைக்கடனை விட மலிவுதான். ஆனாலும் நின்றுபோகும் வட்டியும் பில்லில் மிச்சமாகும் பணமும் சேர்ந்தாலே ஆண்டுக்கு 18,000க்கு மேல் வருகிறது. அதைத் தனி ஆர்.டி.யில் போட்டு வந்தால் வாங்கவேண்டிய கடன் சிறியதாகிவிடும்.

மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஞாயிறு இரவு மீட்டர் ரீடிங்கை ஒரு நோட்டில் எழுதட்டும், பக்கத்திலேயே அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்றும் ஒரு வரி: விருந்தாளி வந்தார்கள், மாவு அரைத்தோம், ஏ.சி. நாலு நாள். மின்வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பு அந்த பில்லுக்கான செலவு 450 யூனிட்டைத் தாண்டியிருந்தால் அவளே உங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கலாம். கோடை பில் வந்ததும் அந்த நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஒரு கிலோவாட் போடலாமா, அதுவும் வேண்டாமா என்று அப்போது சொல்கிறேன்.