வெள்ளத்தில் மூழ்கிய கார்: செல்ஃப் எடுக்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நின்ற கார், மழையில் சீட் உயரத்துக்கு மூழ்கிவிட்டது. இப்போது தண்ணீர் வடிந்துவிட்டது. தெரிந்த மெக்கானிக், "ஒரு தடவை செல்ஃப் எடுத்துப் பார்த்துடலாம் சார்" என்கிறார். எடுக்கலாமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: எடுக்கவே எடுக்காதீர்கள். சாவியை அவர் கையில் கொடுக்கவும் வேண்டாம். இன்ஜின் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. செல்ஃப் எடுத்தால் பிஸ்டன் அதில் போய் முட்டி, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சுத்தம் செய்து ஆயில் மாற்றினால் பிழைத்திருக்கும் இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டிவரும்.

இன்சூரன்ஸ் கணக்கும் இங்கேதான் பிரிகிறது. உங்களுடையது முழு பாலிசி என்றால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டு. மற்றவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமான தேர்ட் பார்ட்டி என்றால் ஒரு ரூபாய்கூட வராது. ஆனால் நீங்கள் செல்ஃப் எடுத்ததால் உடைந்ததை வெள்ளச் சேதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும். பாலிசி விற்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லும் ஏஜென்ட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீர்மட்டக் கறை தெரியும்படி போட்டோ, வீடியோ எடுங்கள். கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்குங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்ற விடாதீர்கள். ரிப்பேர் செலவு காரின் ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' (முழு இழப்பு) என்று முடிப்பார்கள்.

மழை விட்ட மறுநாளே தெருவில் முளைக்கும் கூட்டத்திடம் எச்சரிக்கையாக இருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஒருவர் இழுவை வண்டியோடு வருவார். "கிளெய்ம் நான் பார்த்துக்கறேன், இதில் ஒரு கையெழுத்து மட்டும்" என்று வெற்று கிளெய்ம் ஃபார்மை நீட்டுவார். போட்டுவிட்டால் கார் எந்த ஷெட்டில் நிற்கிறது என்று தேடுவதே உங்கள் வேலையாகிவிடும். இன்னொருவர் "டோட்டல் லாஸ் ஆக்கித் தர்றேன்" என்று கமிஷன் கேட்பார். சேதத்தைக் கணக்கிடுவது சர்வேயர். இவருக்கு அதில் என்ன வேலை?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் விழுவது இதில்தான். செகண்ட் ஹேண்ட் கார் என்றால் பாலிசி யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டது, பாலிசி பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கிறது என்றால் தேர்ட் பார்ட்டி பகுதி மட்டும் தானாக உங்களுக்கு வரும். சொந்தச் சேதப் பகுதி வராது. கார் கைமாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். பிரீமியம் கட்டியது நீங்களாகவே இருந்தாலும் சரி, பழைய உரிமையாளர் உங்கள் மைத்துனராகவே இருந்தாலும் சரி. "புரோக்கர் மாத்திட்டேன்னு சொன்னார் சார்" என்பதை எந்தக் கம்பெனியும் காதில் வாங்காது.

கிளெய்மை மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். கம்பெனிக்குப் புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. இதை மறுப்புக் கடிதத்தின் முதல் வரியில் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்த முறை சிவப்பு எச்சரிக்கை வந்தால் காரை முதல்நாளே மேட்டில் ஏற்றிவிடுங்கள். 2024 அக்டோபரில் உங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக காரை நிறுத்தியவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. மேம்பாலத்தையே பார்க்கிங் ஆக்கும் நிலைக்கு ஊரைக் கொண்டுவந்து விட்டவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.